கழற்றி முடிப்பதற்குள்

சிம்பலின் திருகைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்வார் பர்னெல் டேட். பிறகு அந்தப் பித்தளைத் தட்டைக் குளியல் துண்டில் சுற்றி, பிள்ளையைக் கிடத்துவதுபோலப் பையில் வைப்பார். வேறு யாராவது தொட்டால் போச்சு. எழுபது வயது மனுஷர் எகிறிக் குதிப்பார்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஜாஸ் வாசிக்க வந்த அத்தனை பேருக்கும் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவர். கல்யாணம், சாவு, சர்ச், மதுக்கடை எதையும் விட்டுவைக்கவில்லை. சுவரொட்டியில் பெயர் வந்தால் கடைசியில் வரும். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை.

"ஊதுறவனுக்கு ஒரு பெட்டி. பாடுறவளுக்கு அதுவும் இல்ல. எனக்கு மட்டும் ஒரு வீட்டுச் சாமான்!" என்பார். கச்சேரி முடிந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். இவர் கழற்றி அடுக்கி நிமிர்வதற்குள் கடையே காலியாகிவிடும். பாடகி வெர்னெட்டாவைக் கோட்டைவிட்டதும் அப்படித்தான். இவர் திருகோடு மல்லுக்கட்டிய ஒரு சாயங்காலம், டிரம்பெட்காரன் கார்லைல் அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டான். அப்புறம் அவளையே கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கும் டிரம்ஸ் இவர்தான். பாவி மனுஷர், ஒரு அடி பிசகவில்லை. அதற்குப் பிறகு வேறொருத்தியை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை.

"இன்னுமாடா அவ நெனப்பு? சொல்லித் தொலைய வேண்டியதுதானே!" என்று சீண்டுவார், கூடவே பாஸ் கிட்டார் வாசிக்கும் லூதர்.

"மொதல்ல இதக் கழட்டி முடிக்கிறேன்டா."

போன ஞாயிறு பகல் கச்சேரிக்கு வெர்னெட்டா வந்தாள். கார்லைல் காலமாகிச் சில வருஷமாயிற்று. மறுநாள் அவள் அட்லான்டாவுக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறாளாம். போகுமுன் இங்கே ஒரு பாட்டு பாடவேண்டுமாம். குரல் கரகரத்திருந்தது. ஐயோ, அந்தக் கரகரப்புக்கும் சேர்த்தே ஏங்கினார் பர்னெல். கம்பிப் பிரஷ்ஷால் டிரம்ஸ் தோலை வருடினாரே தவிர, குச்சியால் ஓங்கித் தட்டவேயில்லை.

பாடி முடித்து எல்லாரையும் கட்டிக்கொண்டாள். அதற்குள் இவர் குனிந்து கழற்ற ஆரம்பித்திருந்தார். "போயிட்டு வரேன், பர்னெல். நீதான் எப்பவும் கடைசியாச்சே!" என்று சிரித்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

பாதி கழன்ற சிம்பல் சாய்ந்து தொங்க, பர்னெல் மேடையை விட்டு இறங்கினார்.

"டேய், உன் டிரம்ஸு!" என்று கத்தினார் லூதர்.

"நீயே கழட்டுடா!"

பஸ் நிறுத்தத்தில் அவளை எட்டிப் பிடித்தபோது மூச்சு வாங்கியது.

"ஏம்ப்பா, உன் சாமானெல்லாம் எங்க?" என்றாள் வெர்னெட்டா.

பர்னெல் வெறுங்கையை அவள் முன்னால் நீட்டினார்.