சம்பளம் வராத இரண்டு மாதங்கள்

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். அவர் எல்லைப் பக்கம் மாற்றலாகிப் போனபிறகு, நானும் மகளும் டெல்லி ஜனக்புரியில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் கூட்டுக் கணக்குக்கு மாதாமாதம் வரும் அவருடைய சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. வாடகைக்குக் கொடுத்த செக் திரும்பியது. அதற்கு வங்கி அபராதமும் பிடித்தது.

“பௌஜி சாப் சம்பளம் எங்கே போகுது, பெஹன்ஜி?” என்று வீட்டு உரிமையாளர் இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை அரித்தது. என் கணவர் வேறு யாருக்கோ பணம் அனுப்புகிறாரோ? அவர் விட்டுப்போன பெட்டியைக் குடைந்து, ஏதாவது பெண்ணின் பெயர் அகப்படுமா என்று தேடினேன். ஒன்றுமில்லை. சந்தேகம்தான் வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவரிடம் கேட்டே விட்டேன். “சம்பளத்தை யாருக்குங்க அனுப்புறீங்க?”

மெதுவாக, “அங்க வரலையா? வந்துட்டிருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றார்.

மறுநாள் வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த தமிழ் குமாஸ்தா, “யூனிட் மாறினா சம்பளப் பேப்பர் வர்றதுக்கு லேட்டாகும்மா. நிறைய பேருக்கு இப்படித்தான்” என்றார். அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவரே மனு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் எல்லாச் சம்பளமும் சேர்ந்து வந்தது. என் கேள்வியைப் பற்றிக் கணவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் சம்பளச் சீட்டின் நகலை மடித்து வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று எழுதவும் எனக்கு முகமில்லை.