ஏஞ்சலம்மாள் சொல்லாத சாட்சி

டிசம்பர் பிறந்துவிட்டால் ஏஞ்சலம்மாளைக் கையில் பிடிக்க முடியாது. தாராவியில் அந்தச் சந்துக்குள் கிறிஸ்தவ வீடுகள் எத்தனையோ இருந்தாலும், கிறிஸ்மஸ் பலகாரம் என்றால் அவள் வீட்டு ஸ்டவ்தான். சாயர்புரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சபைக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுடுவது, சண்டே ஸ்கூல் நாடகத்துக்குத் தேவதூதர் சிறகு ஒட்டுவது, பாட்டுக்குழுவுக்குக் காப்பி போடுவது எல்லாவற்றையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். யார் கேட்டும் மாட்டேன் என்றதில்லை. அந்த வார்த்தை அவளுக்குச் சொல்ல வராது என்பதுதான் உண்மை.

வேலைக்கு நடுவே ஆண்டவரோடு பேசுவாள். முழங்கால் போட்டு, கண்ணை மூடி எல்லாம் கிடையாது. பாகுக்குப் பதம் பார்த்துக்கொண்டே, மளிகைக்கடைக்காரரிடம் கேட்பது மாதிரி, "நேத்து சொன்னது என்னாச்சு? இன்னும் வரலையே" என்பாள். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவள் புருஷன் தனசீலனுக்கு இதில் ஒரு வேடிக்கை.

"ஏட்டி, அவரு பதில் சொல்லணும்னா நீ கொஞ்சம் வாயை மூடணும்லா?"

"அவருக்கு நடுவுல பேசத் தெரியும். நீங்க குறுக்க வராதிய."

1986 டிசம்பரில் ஆண்டவரோடு அந்தப் பேச்சு சண்டையாகவே முற்றியது. வருஷா வருஷம் கூட நின்று மாவு பிசைகிற இருதயமேரி, மகள் பிரசவத்துக்கென்று கல்யாணுக்கு ரயிலேறிவிட்டாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் ஒரு வாரம்தான். பாசிப்பயறு வறுத்தபடியே கிடக்கிறது. "ஒரு ஆளை அனுப்பும் சுவாமி. ஒத்தக் கையால நான் எதைப் பிடிப்பேன்?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வருஷமும் முதல் ஈடு அக்கம்பக்கத்துக்குத்தான். சபைக்கும் சொந்த வீட்டுக்கும் அப்புறம். அன்றும் ஆள் இல்லாவிட்டாலும் விடிகாலையிலேயே ஒரு ஈடு முந்திரிக்கொத்து சுட்டுத் தட்டுத் தட்டாக அனுப்பினாள். அப்படிப் போன தட்டு வெறுமையாகத் திரும்புவதும் அந்தச் சந்தில் கிடையாது. ஒருவர் வாழைப்பழம் வைப்பார், ஒருவர் வெற்றிலை வைப்பார், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனி. எதிர்வீட்டு நஜ்முன்னிசா எப்போதும் சீனிதான் வைப்பாள். அவள் புருஷன் ஜெயினுலாப்தீன் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். கடையநல்லூர்க்காரர்கள், மூன்று பிள்ளைகள்.

அன்று நஜ்முன்னிசா தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்தாள், போய்விட்டாள். தட்டில் ஒன்றுமே இல்லை.

ஏஞ்சலம்மாளுக்குச் சுருக்கென்றது. "இவளுக்கு என்ன வந்துட்டு? ஒரு கை சீனிக்கா பஞ்சம்?" என்று முணுமுணுத்தாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று ஆண்டவரிடமும் புகார் போனது. கோபத்தில் மாவைக் கொஞ்சம் ஓங்கியே பிசைந்தாள். அடுத்த ஈட்டுக்கு ஸ்டவ்வில் எண்ணெயை வைத்துவிட்டு, ஏலக்காயோடு சேர்த்துப் பொடிக்கக் கொஞ்சம் சீனி எடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தவள், கையை உள்ளே விட்டபடியே நின்றாள்.

நஜ்முன்னிசா மறக்கிறவள் இல்லை. திமிர் பிடித்தவளும் இல்லை. ஒரு கை சீனி வீட்டில் இருந்திருந்தால் தட்டு அப்படி வந்திருக்காது.

காய்கிற எண்ணெயை அப்படியே விட்டு ஏஞ்சலம்மாள் ஸ்டவ்வை அணைத்தது அன்றைக்குத்தான். நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே நேற்றைய சாம்பலைப் போல அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் மூன்றும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. காலையில் அனுப்பிய முந்திரிக்கொத்துதான் அவர்களுக்குச் சாப்பாடு என்று பார்த்ததுமே தெரிந்துபோயிற்று. பட்டறையை மூடிவிட்டார்களாம், ஜெயினுலாப்தீன் வேலை தேடிச் செம்பூர்ப் பக்கம் அலைகிறாராம். இதை நஜ்முன்னிசா சொல்லவில்லை, பெரிய பிள்ளை சொன்னது. தாய் அதை ஒரு பார்வை பார்த்தாள், பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

அரிசி கொண்டுவந்து கொடுத்தால் வாங்கமாட்டாள். வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தால், அப்புறம் இவள் முகத்தில் விழிக்கவே மாட்டாள். ஏஞ்சலம்மாள் காதில் எதுவும் விழாதவள் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏ நஜ்மு, என் மானத்தைக் காப்பாத்து. இருதயமேரி கல்யாண் போயிட்டா. நான் ஒத்தையில கிடந்து சாவுதேன். பண்டிகை வரைக்கும் நீ வந்து கூட நில்லு. பிள்ளையளையும் கூட்டிட்டு வா, அங்கனயே சாப்பாடு."

நஜ்முன்னிசா அவளையே பார்த்தாள். "அக்கா, நீங்க தெரிஞ்சுதான் கூப்பிடுதியளா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ஆள் வேணும். வாறியா, மாட்டியா?"

நஜ்முன்னிசா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பிள்ளைகள் அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட்டன.

அந்த வாரம் முழுக்க ஏஞ்சலம்மாள் வீட்டில் கறி எடுக்கவில்லை. தினமும் மீன் குழம்பு. ஹலால் இல்லாத கறியை நஜ்முன்னிசா தொடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தனசீலன் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"பண்டிகை நேரத்துல ஒரு நாளாவது கறி கிடையாதா?"

"ஆள் அனுப்பும்னு கேட்டேன்லா? எங்க போகணும்னு அவரு அன்னைக்குக் காலையிலயே காட்டிட்டாரு. நான்தான் சீனி வரலைன்னு கோவிச்சிட்டு நின்னேன். நீங்க மீனைத் தின்னுங்க."

தனசீலன் மீனை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். பலகாரம் சுட வந்தவர்களுக்கு உரிய பங்கை நஜ்முன்னிசா டின் நிறைய, உரிமையோடு, எல்லோரும் பார்க்க வாங்கிக்கொண்டு போனாள். பண்டிகைக்கு முந்தின நாள் ஜெயினுலாப்தீனுக்குச் செம்பூரில் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்த சங்கதி ஏஞ்சலம்மாளையும் தனசீலனையும் தவிரச் சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

வருஷத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனையில் சாட்சி நேரம். இந்த வருஷம் ஆண்டவர் எப்படி வழிநடத்தினார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவருக்குத் துபாய் விசா வந்தது. இன்னொருவருக்குச் செம்பூரில் ரூம் அமைந்தது. "ஏஞ்சலம்மா, நீங்களும் சொல்லுங்க" என்றார் போதகர்.

எழுந்து நின்றாள். தன் ஆயுசில் ஆண்டவர் கைப்பிடித்துக் கூட்டிப்போன மாதிரி நடந்தது அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கப் பரவும். நஜ்முன்னிசா தண்ணீர்க் குழாயடியில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது.

"எண்ணெய் பொங்கல, முறுக்கு கருகல. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சபையே சிரித்தது, போதகரும் சிரித்தார். ஆண்கள் பக்கத்தில் தனசீலன் மட்டும் சிரிக்கவில்லை.