காய்ச்சக் கூடாத மாவு

அந்தத் தையற்காரியின் மகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போகும் வியாதி. சொல்லி வாய் மூடுவதற்குள், "அப்ப இனிப்பையே கண்ணுல காட்டாதே" என்று நாலு பேர் நல்ல மனதோடு தப்பாகச் சொல்வார்கள்.

சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ், வளையமாகச் சுருண்ட சின்ன மூலக்கூறு. மிஞ்சியதைக் கல்லீரல் ஒன்றோடொன்று கோத்து, கிளைவிட்ட மரமாக்கிப் பத்திரப்படுத்தும். பசிக்கும் நேரத்தில் கழற்றிக் கொடுக்கும். நாலு வயது மகள் சிட்டுவின் கல்லீரல் கோப்பதில் சூரன், கொடுப்பதில் மகா கஞ்சன். நிறைந்த களஞ்சியத்தை வயிற்றில் சுமந்துகொண்டே குழந்தை பட்டினி கிடக்கும்.

மருந்து என்று பார்த்தால் வெறும் மக்காச்சோள மாவு. நாலு மணிக்கொருதரம், பச்சையாக, குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். செடிகளும் குளுக்கோஸைக் கோத்துத்தான் மாவாகச் சேர்த்து வைக்கின்றன. பச்சை மாவு இறுகிக் கிடப்பதால் குடல் அதை மெள்ள மெள்ளத்தான் பிரிக்கும். காய்ச்சினாலோ குழைந்து, சட்டென்று செரித்து, சீக்கிரமே தீர்ந்துபோகும்.

இதையெல்லாம் தையற்காரி நாத்தனாரிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். பன்னிரண்டே காலுக்குத் தையல்கூடத்திலிருந்து ஃபோன் செய்தாள்.

"பத்து மணிக்கு மாவு குடுத்தீங்களா அண்ணி?"

"குடுக்காம இருப்பேனா? பச்சை மாவு குடிச்சா புள்ள வயிறு என்னத்துக்காகும்? நல்லா காய்ச்சி, ஆத்திக் குடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கல!"

தையற்காரி மெஷினை விட்டு எழுந்தாள்.

"இப்ப என்ன பண்றா?"

"அசந்து தூங்கறா. கொஞ்சம் வேர்த்திருக்கு."

"எழுப்புங்க அண்ணி! அலமாரியில குளுக்கோஸ் டப்பா இருக்கு, உடனே கரைச்சு…"

"சர்க்கரை வியாதிக்குக் குளுக்கோஸா? தூங்கற புள்ளைய எழுப்பச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தாள், மணி போகவே இல்லை. குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாதே என்று நாத்தனார் அக்கறையாக ஃபோனை அணைத்துவிட்டிருந்தாள்.

"காலர் பாக்கி கிடக்கு, எங்க கிளம்பிட்டே?" என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்களே தைச்சுக்குங்க."

இரண்டு தெரு ஓட்டம், மூன்று மாடி ஏற்றம். ஏறும்போதே நாத்தனாரைத் திட்டுவதற்கு வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டாள்.

சிட்டுவின் உடம்பு சில்லிட்டு நனைந்திருந்தது. அவள் விரலில் குத்தினாள். சர்க்கரை பார்க்கும் கருவி நாற்பத்தொன்று என்றது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கரைத்த குளுக்கோஸைக் கரண்டி நுனியால் உதட்டில் வைத்தாள்.

"முழுங்குடி என் கண்ணு. முழுங்கு."

வாய் அசையவில்லை. பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. நாத்தனார் சுவரோடு சுவராக நின்றாள். கால் மணி கழித்து ஐம்பத்தெட்டு. அதற்கும் பிறகு எண்பத்திரண்டு.

சிட்டு கண்ணைத் திறந்தாள். "அத்த காய்ச்சினதுதான் நல்லாருந்துச்சு" என்றாள்.

நாத்தனார் ஓவென்று அழுதுவிட்டாள். "நான் இனிமே எதையும் தொடமாட்டேன்மா. வேற யாரையாவது பாத்துக்கோ."

வேறு யாரும் இல்லை. நாளைக்கும் வேலை இருந்தது, வேலை போகாமல் இருந்தால். பொறுக்கி வைத்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு, தையற்காரி மாவு டப்பாவை நாத்தனார் கையில் திணித்தாள்.

"குளுக்கோஸ் சீக்கிரம் தீந்துடும், இப்பவே ஒரு தரம் மாவு குடுக்கணும். நீங்க கரைங்க, நான் பாக்கறேன்."

நாத்தனார் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். "வெள்ளையடிக்கிற சுண்ணாம்பாட்டம் இருக்கேம்மா…"

"அப்படித்தான் இருக்கணும் அண்ணி. அடியில தங்கும், கலக்கிக்கிட்டே குடுங்க."