எந்த எஸ்டேட் தம்பி நீங்க?

கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே பக்கத்தில் உங்களுக்கு ஒரு நீளமான உபதேசம் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? பரிசு விழுந்திருக்கிறது என்பான், நம்பாதீர்கள். பார்சல் வந்திருக்கிறது என்பான், நம்பாதீர்கள்... என்று ஒரே அதட்டல். வாசகர்கள் சிலர் பாராட்டிக்கூட எழுதினீர்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அது அச்சாகி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மேதாவி தன் வீட்டு வாசலில் நின்று, பட்டப்பகலில், ஒரு திருடனுக்குக் காடிச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தான். அதுவும் தன் காடியை அல்ல. பெண்டாட்டி காடியை!

விஷயம் இதுதான். என் மனைவி சரசு கல்யாணம், காதுகுத்து என்று ஆர்டர் எடுத்துச் சமைக்கிறாள். எங்கள் தம்பின் டவுன் வட்டாரத்தில் அவள் ரசத்துக்குத் தனி மவுசு. பத்து வருடமாக அண்டாக்களை அந்தச் சின்னக் காடியின் பின் சீட்டில் திணித்துத் திணித்து, ஸ்பிரிங் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. பெடாஸில் ஒருவர் பழைய வேன் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, பேசியும் முடித்துவிட்டாள். காடியை விற்ற காசில்தான் வேன் வாங்க வேண்டும். காடியும் போய், காசும் வராவிட்டால்? தொழிலே படுத்துவிடும்.

புரோக்கர் அடிமாட்டு விலைக்குக் கேட்டான். "நாமளே வித்துடலாம், என்கிட்ட விடு" என்றேன். நாலு போட்டோ எடுத்தேன், இணையத்தில் போட்டேன். பதினான்காயிரம் வெள்ளி. ஒரு மணி நேரத்தில் போன்.

"வணக்கம் அங்கிள். காடி இன்னும் இருக்காலா?"

தமிழ்க் குரல்! எனக்கு வாயெல்லாம் பல். அந்த இடத்தில் விவரமான மனுஷன் என்ன கேட்டிருப்பான்? காசை எப்படிக் கொடுப்பீர்கள், எந்த பேங்க், பேர் மாற்ற என்றைக்கு வருவீர்கள்... நான் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த எஸ்டேட் தம்பி நீங்க?"

சிரிக்காதீர்கள். நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் பால்மரத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் இந்த நெகிரி செம்பிலானில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எஸ்டேட்டைக் கேட்டுவிடுகிறோம்!

"லிங்கி பக்கம் அங்கிள்."

"அட! நானும் லிங்கி பக்கம்தான்! எந்த டிவிஷன்?"

"மேல் டிவிஷன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால இருந்த லயம்."

"அப்படின்னா ராமசாமி மண்டோர் வீட்டைத் தெரியுமே?"

"என்ன அங்கிள் இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க தாத்தாவுக்கு அவரு ரொம்பப் பழக்கமாச்சே."

அவ்வளவுதான். பரீட்சையில் பாஸ். சுரேஷ் என்று பெயர் சொன்னான். போனை வைத்ததும் சரசுவிடம் சொன்னேன்: "நம்ம ஆளு!"

"எப்படித் தெரியும்?" என்றாள்.

"மாரியம்மன் கோயிலைக் கரெக்டா சொன்னாரு."

"எந்த எஸ்டேட்டுலதான் மாரியம்மன் கோயில் இல்ல? எந்த எஸ்டேட்டுலதான் ஒரு ராமசாமி இல்ல?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். பெண்களுக்கு எதிலும் சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட சட்டை. அவனை இறக்கிவிட்ட காடி எங்கள் குடியிருப்பான தாமானின் முனையிலேயே, இஞ்சினை நிறுத்தாமல் நின்றது. எங்கள் காடியை ஒரு சுற்று சுற்றி வந்தான். பானெட்டைத் திறக்கவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. பேரம்? மூச்! பேரம் பேசாத ஒரு தமிழனை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சந்தேகம் வந்திருக்க வேண்டுமா, இல்லையா? எனக்குப் பெருமைதான் வந்தது. என் போட்டோ அப்படி!

போனில் என்னவோ தட்டினான். திரையில் பச்சை டிக். என் வாட்ஸ்அப்பில் ரெசிட் வந்து விழுந்தது: பதினான்காயிரம், சரசுவின் பெயர், அவள் கணக்கு எண். (கணக்கு எண்ணைக் காலையிலேயே அனுப்பிய புண்ணியவான் அடியேன்தான்.)

"ஞாயித்துக்கெழம, வேற வேற பேங்க் வேற. நாளைக்குக் காலையில ஏறிடும் அங்கிள்."

"அதுக்கென்ன தம்பி!"

"ஒரே ஒரு விஷயம். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிடும். அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க, அதுக்குள்ள காடிய எடுத்துடணும்னு. சாவியும் கெரானும் குடுத்தீங்கன்னா, நாளைக்கே பேர் மாத்திடலாம்."

பாருங்கள், என்ன ஒரு மூளை! வேறு எவனாவது "சீக்கிரம் சாவியைக் கொடு" என்றால் நமக்குப் பொறி தட்டும். இவன் அவசரப்படுத்தவே இல்லை. ராகுவல்லவா அவசரப்படுத்துகிறார்? கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறியது யார்? நான்! உள்ளே ஓடி, காடியின் உரிமைப் பத்திரமான அந்தக் கெரானைப் பீரோவைக் குடைந்து தேடி எடுத்து வந்ததும் நான். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை மட்டும் கவனமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் விவரம் உண்டு என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்போது சரசு தேத்தண்ணியோடு வந்தாள்.

"காசு வந்துடுச்சா?"

"ரெசிட் வந்துடுச்சு."

"நான் காசக் கேட்டேன்." தட்டை வைத்துவிட்டு, தன் போனில் பேங்க் கணக்கைத் திறந்தாள். "வரலியே."

"நாளைக்கு வரும் ஆன்ட்டி."

"அப்ப காடியும் நாளைக்கு வரும் தம்பி."

"ஆன்ட்டி, ராகு காலம்..."

"ராகு காலம் காடிக்கு மட்டும்தானா? உங்க காசுக்குக் கெடையாதா? நாளைக்கு ஏழரைலேருந்து ஒம்பது. அது முடிஞ்சாத்தான் பேங்க்கே தொறப்பான். நல்ல நேரம்தான். பத்து மணிக்கு வாங்க, ஒண்ணாவே போவோம்."

எனக்கு உடம்பே கூசியது. நம்ம எஸ்டேட் பிள்ளை! வீடு தேடி வந்தவனை இப்படியா நிற்க வைப்பது? "தப்பா நெனக்காதீங்க தம்பி, இவ கொஞ்சம் அப்படித்தான்" என்று மன்னிப்புக் கேட்டேன். ஆமாம் சார், கேட்டேன்!

அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப எனக்குக் காடியே வேணாம். அனுப்புன காசத் திருப்பிக் குடுங்க. பெட்ரோல் செலவுக்கு அதுல ஒரு ஐந்நூறாச்சும் இப்பக் குடுங்கலா."

சத்தியமாகச் சொல்கிறேன், என் கை பர்ஸுக்குப் போனது. வராத காசைத் திருப்பிக் கொடுக்க! சரசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முப்பத்தோரு வருட சர்வீஸ். கை தானாகக் கீழே வந்துவிட்டது.

"காசு வரட்டும் தம்பி. வந்த வழியாவே திருப்பி அனுப்பிடுறேன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

குடிக்கவில்லை. அவன் நடந்த வேகத்தைப் பார்த்தால் ராகு நேரிலேயே துரத்தின மாதிரி இருந்தது. முனையில் காத்திருந்த காடி அவனை அள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் காசும் வரவில்லை, அவனும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பேங்க் கவுண்டரில் இருந்த பெண் அந்த ரெசிட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது வெறும் படம். யார் வேணும்னாலும் செய்யலாம். உங்க கணக்குல ஏறினாத்தான் காசு" என்று ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். போலீஸில் ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் சரசு ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து வருடம் அடுப்படியில் வெந்தவளின் வேனை, ஒரு மாரியம்மன் கோயிலைச் சொன்னதற்காகத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேனே!

யோசித்துப் பார்க்கிறேன். நம்மவர்கள் பயந்தாங்கொள்ளிகளா என்ன? ஊர் தெரியாதவனை நூறு கேள்வி கேட்கிறோம். ஆனால் 'நம்ம ஆளு' என்று ஆகிவிட்டால், "காசு ஏறட்டும், பிறகு சாவி தருகிறேன்" என்ற ஒரு வரி தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. கேட்டால் மரியாதைக் குறைவாம். ஏமாறினால் மட்டும் மரியாதை கூடிவிடுமா?

அந்தக் காடியைப் பிறகு தம்பினில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ஒரு சீனர் வாங்கினார். பானெட்டுக்குள் தலையை விட்டார், காடிக்கு அடியில் படுத்தார், இரண்டு மணி நேரம் பேரம் பேசி எண்ணூறு வெள்ளி குறைத்தார். எந்த எஸ்டேட் என்று நானும் கேட்கவில்லை. பேங்க்கில் உட்கார்ந்து காசு ஏறுவதைப் பார்த்த பிறகுதான் சரசு சாவியைக் கொடுத்தாள். அங்கிருந்து நேராகப் போய்ப் பேரையும் மாற்றினோம்.

போன வியாழக்கிழமை வேன் எடுக்க பெடாஸ் போனோம். சரசு தன் போனிலேயே காசை அனுப்பி, ரெசிட்டைக் காட்டினாள். வேன்காரர் நம்மவர்தான், அறுபது வயது இருக்கும். ரெசிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் கணக்குல ஏறட்டும்லா, உக்காருங்க" என்றார். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... "அண்ணே, நானும் லிங்கி எஸ்டேட்ல பொறந்தவன்தான்" என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றாரே தவிர, சாவி அவர் பையை விட்டு அசையவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! சரசுவின் காதில் சீறினேன். "என்ன மனுஷன் இவன்? நம்மளப் பாத்தா ஏமாத்துறவங்க மாதிரியா தெரியுது?"

"சும்மா உக்காருங்க" என்றாள். "அவரு வீட்லயும் ஒருத்தி இருப்பா."