ராசப்பன் கேட்ட சத்தம்

மலைமேலிருக்கும் குண்டனி நாட்டில் பிறந்து லாரி ஓட்டப் பழகிய முதல் ஆள் ராசப்பன்தான். வாலிபத்தில் மிளகு மூட்டையைத் தலையில் வைத்து மலையிறங்கியவன், அடிவாரத்துக் காரவள்ளியில் வியாபாரி காளியண்ணனின் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்து, கழுவித் துடைத்து, கடைசியில் ஸ்டீயரிங்கையே பிடித்துவிட்டான். கல்யாணமானதும் மனைவி அத்தாயியோடு அங்கேயே குடியேறினான். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. சந்தை நாளில் பலாப்பழம் சுமந்து இறங்கும் மலைப் பெண்கள், "நம்ம பையன் ஓட்டற வண்டி" என்று சொல்லி அவன் வண்டியில்தான் ஏறுவார்கள். அதைக் கேட்டால் அவனுக்கு நெஞ்சு நிமிரும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் காளியண்ணன் பட்டாளத்து ஏலத்தில் சின்ன லாரி ஒன்று எடுத்தார். பின்பக்கம் திறந்த வண்டி. கொஞ்ச நாளில், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக், டொக்' என்று சத்தம் கிளம்பியது. பின்கதவுச் சங்கிலிதான் ஆடுகிறது என்று ராசப்பன் அதில் சாக்கைச் சுற்றினான். நிற்கவில்லை. அடியில் படுத்துக் கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினான். அப்போதும் நிற்கவில்லை.

"உனக்கு ஓட்டத்தான் தெரியும் ராசப்பா. பாக்கறதுக்கு வேற ஆளு வரட்டும்" என்றார் காளியண்ணன்.

வந்தவன் மாணிக்கம். சேந்தமங்கலத்துக்காரன், பட்டாளத்தில் வண்டி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ராசப்பனைவிட இளையவன். ஸ்பேனரைத் தொடவேயில்லை. "அண்ணா, மேல ஏறிக் குதிங்க" என்று சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தான். சந்தைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, ராசப்பன் வண்டியின் மேல் குரங்கு மாதிரி குதித்தான். அவன் குதிக்கக் குதிக்க, மாணிக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இங்கதானுங்க அதிருது. பாரம் தாங்கற வில்பட்டை தொங்கற ஆணியைச் சுத்தி ஒரு பித்தளைக் குழாய் இருக்குதுல்லீங்க, அது தேஞ்சு போச்சு. பள்ளத்துல எறங்கறப்ப ஆணி போயி இடிக்குது."

மறுநாள் புதுக் குழாய் கடைந்துகொண்டு வந்து மாட்டினான். சத்தம் போயே போய்விட்டது.

அன்றிலிருந்து ராசப்பனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வீட்டுக்குப் போனால் அத்தாயி, "கையை வெச்சே கண்டுபுடிச்சுட்டாராமா அந்தத் தம்பி?" என்று வாய் பிளந்தாள். களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வண்டியில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து வந்த மலைக்காரி முனியாயி, "மாணிக்கம் புண்ணியத்துல இடுப்பு நோவாம போறோம்" என்றாள். ஓட்டுகிறவன் இவன், இவன் முதுகுக்குப் பின்னால் புகழ் இன்னொருவனுக்கு. பள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் பழைய 'டொக்' திரும்பி வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். வரவேயில்லை.

ஒருநாள் அவனாகவே வரவழைத்தான்.

"சத்தம் இன்னும் வருதுங்க" என்றான் காளியண்ணனிடம்.

"எனக்குக் கேக்கலியே?"

"ஓட்டறவனுக்குத்தானுங்களே தெரியும். எடது பக்கமுங்க. பாரம் ஏத்துனா மட்டும் வருது."

பொய் இத்தனை வழுவழுப்பாக வருமென்று அவனே நினைக்கவில்லை. காளியண்ணன் மாணிக்கத்தைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். மாணிக்கம் வண்டியில் பாரம் ஏற்றி, பின்னால் படுத்தபடியே போய் வந்தான். அவன் முகம் சுருங்கிப் போயிருந்ததைப் பார்க்க ராசப்பனுக்கு இனித்தது.

"என் காதுல விழலீங்கண்ணா" என்றான் மாணிக்கம். "ஆனா தெனமும் ஓட்டறவரு நீங்க. நீங்க சொன்னா இருக்கும். முழுசாப் பிரிச்சுப் பாத்தர்றேன்."

ராசப்பன் புளியமரத்து நிழலில் காலை நீட்டிக்கொண்டான். வெயில் சாய்கிற நேரத்தில், "அண்ணா, ஓடியாங்க!" என்று மாணிக்கத்தின் குரல் கேட்டது. பொய் பிடிபட்டுவிட்டதென்று நினைத்தபடியே ராசப்பன் எழுந்து போனான்.

மாணிக்கத்தின் கையில் இடதுபக்க வில்லில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மூலப்பட்டை இருந்தது. நடு போல்ட் நுழைகிற ஓட்டையிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு விரிசல். மேலே இறுக்குத் தகடும் கீழே மற்றப் பட்டைகளுமாக இறுக்கிக் கிடந்ததால், முழுசாகப் பிரித்தால் ஒழியக் கண்ணில் படாத இடம்.

"ஏரிக்கரை மேல போறப்ப இது ஒடிஞ்சிருந்தா?" என்று காளியண்ணன் நெஞ்சில் கை வைத்தார்.

மாணிக்கம் மசகு படிந்த கையால் ராசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கே கேக்காதது உங்களுக்குக் கேட்டிருக்குதுங்கண்ணா. இப்பிடி ஒரு காது யாருக்குங்க வரும்?"

மூட்டைமேல் உட்கார்ந்து வரும் முனியாயியும் மற்றப் பெண்களும் ராசப்பன் நினைவுக்கு வந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாய் எடுத்தான். சொன்னால் பேர் முழுக்க மாணிக்கத்துக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டான்.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. அவன் ஆசைப்பட்ட புகழ்தான். ஆனால் அதை அள்ளிக் கொடுத்தவன் மாணிக்கம் என்பதே அவனுக்கு உறுத்தியது.

அதன்பின் எந்த வண்டியில் சத்தமென்றாலும் மாணிக்கம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். ராசப்பன் நிஜமாகவே காது கொடுக்கப் பழகினான். ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கியபோது முன்பக்கம் வலதில் 'கிரீச்' என்றது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. சொல்ல வாய் திறப்பதற்குள், "முன்னால வலதுதானுங்கண்ணா?" என்று மாணிக்கம் முந்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, தானும் அதையேதான் சொல்ல வந்ததாக அத்தாயியிடம் பொருமினான்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே காதுன்னு சொல்லுங்க" என்று அவள் சிரித்தாள்.

அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.