தாடைக்கு அடியில் ஒரு தூளி

தொண்ணூறுகளில் காங்கேயத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசு இருந்தது. அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த மாட்டின் கன்று அது. அப்பாவுக்கு என்மேல் பிரியமா, மயிலைமேல் பிரியமா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நாலாவது ஈற்றில் கன்று போட்ட மறுநாள் காலை மயிலை எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு படுத்தே கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மாட்டு டாக்டரைக் கூட்டிவரச் சித்தப்பாவை அனுப்பிவிட்டாலும், அதுவரை சும்மா நிற்க அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கசாயம் காய்ச்சினார். மாட்டுக்கு எது வந்தாலும் எங்கள் பக்கம் முதல் கைவைத்தியம் அதுதான். மயிலையின் தலையை அண்ணாக்கப் பிடித்து, மூங்கில் குழாயை வாய்க்குள் விட்டு ஊற்றினார்.

"குடிச்சுப்போடு சாமி, குடிச்சுப்போடு" என்று கெஞ்சினார்.

பாதிக் கசாயம் மூக்கு வழியாக வந்தது. மயிலை இருமியது.

டாக்டர் வந்து நரம்பில் ஊசி போட்டார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர், கசாயச் சட்டியைப் பார்த்தார். அப்புறம் அப்பாவை ஏறிட்டுப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற என்னிடம் சொன்னார்.

"தாடைக்கு அடியில தூளி கட்டுன மாதிரி ஒரு சதை இருக்குது அம்மணி. மாட்டுக்கும் இருக்குது, உனக்கும் இருக்குது. அது நாக்கத் தூக்கிக் குடுத்தாத்தான் முழுங்க முடியும். கன்னு போட்டதுல சத்தெறங்கி இந்த மாட்டுக்கு அந்தச் சதை சோந்துபோச்சு. அப்பத் தலையத் தூக்கி ஊத்துனா நுரையீரலுக்குத்தான் போகும்."

அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர் என்னையும் ஒரு ஆளாக மதித்துச் சொல்கிறாரே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தாடைக்கடியில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பார்த்தேன். சதை இறுகி எழும்பித் தளர்ந்தது. அண்ணாந்து விழுங்கினால் சிரமமாக இருந்தது. அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் மூச்சுக்குத் திணறிவிட்டு மயிலை செத்துப்போனது. தென்னைமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அன்று மத்தியானம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. அவரைத் தேற்ற என்னிடம் ஒரு வித்தை இருக்கிறதே என்று, பக்கத்தில் போய் அவர் தாடைக்கடியில் விரல்களை வைத்தேன்.

"முழுங்குங்கப்பா. உள்ள ஒரு சதை எந்திரிக்கும் பாருங்க."

அப்பா ஒரு வாய் எடுத்துப் போட்டார். தலை குனிந்துதான் இருந்தது. ஆனாலும் சதை எழும்பவே இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வாயில் சோறு அப்படியே இருந்தது. கண்ணீர் வழிந்து என் கையில் விழுந்தது.

நான் பயந்துபோய் அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பாவுக்கும் சத்தெறங்கிப்போச்சு. சீக்கிரம் அந்த டாக்டரக் கூப்புடுங்க!"