கூரை ஒழுகுவதைத் துரைக்குத் தெரிவித்த விதம்

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். எதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மேசைக்குப் போகும். வாயால் சொன்னதெல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தோடு சரி.

ஐப்பசி மழையில், தொழிலாளர்களின் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் மேல் லயத்தில், கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு கொழுந்துக்காரி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். கூரைத் தகரம் ஓட்டையாகிவிட்டதாம், கைப்பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லையாம். பிள்ளையைப் படுக்க வைக்கக் காய்ந்த இடம் ஒரு முழம்கூட இல்லை என்றாள். அன்றே எழுதிவிட்டேன். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அப்போது கர்வம் அதிகம். சும்மா 'சொல்கிறேன்' என்று எழுதாமல் 'ரிவீல்' என்று போட்டிருந்தேன்.

துரைக்குப் போகும் எந்தக் கடிதமும் முதலில் பெரிய கிளாக்கரின் கையைத் தாண்ட வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தவர். பதுளையில் வாங்கிய தடித்த அகராதியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பவர் என்று பேச்சு.

"தம்பி, இதென்ன நாடகத்தில திரை விலக்கிற மாதிரி? துரைக்கு உப்பிடி எழுதேலாது," என்று கடதாசியைத் திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம் 'டிஸ்க்ளோஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு நாளும் நாமே மூடி வைத்திருந்ததாக ஆகிவிடும் என்றார். 'டைவல்ஜ்' காட்டிக்கொடுப்பவன் வேலையாம். 'எக்ஸ்போஸ்' என் வேலைக்கே உலை வைத்துவிடுமாம். நானும் சளைக்கவில்லை. ஒழுகுவது யார் தலையில் என்பதைச் சுத்தமாக மறந்து இருவரும் மல்லுக்கட்டினோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. இடையில் அவள் இரண்டு முறை வந்து கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றேன். பொய்யில்லை.

தை முடிகிறபோது, யார் மனமும் நோகாத ஒரு சொல்லோடு கடிதம் உள்ளே போனது. மாசி மாதத்து நல்ல வெயிலில் துரை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். காம்பராவுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். தகர ஓட்டைகள் வழியாக விழுந்த வெயில் அவர் தொப்பியில் புள்ளி புள்ளியாக இருந்தது. தரை காய்ந்திருந்தது. ஒழுகுவதாகத் தெரியவில்லை என்று எங்கள் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலம் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். பெரிய கிளாக்கரின் முகம் மலர்ந்தது. என்னுடையதும்தான்.

துரையும் பெரிய கிளாக்கரும் இறங்கிப் போன பிறகு, இருமுகிற பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்.

"அடுத்த ஐப்பசி மழைக்கு இப்பவே எழுத ஆரம்பிச்சிருங்க, ஐயா."